நல்லாக் கவனிச்சாங்க

உலக நாடுகள் கூடி, மனிதருக்கு உரிய உரிமைகளையெல்லாம் வரிசைப்படுத்தி ஒரு பிரகடனம் வெளியிட்டிருந்தன. அது மெல்லிய பிரசுரமாக என் கைக்கு வந்தபோது நான் திண்டுக்கல்லில் வக்கீல் போர்டு மாட்டிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. போர்டைப் படித்தவர்கள் பலர், படியேறியவர்கள் இல்லை. உள்ளூரில் ஒரு கட்சிக்காரர்கூடக் கிடைக்காத வக்கீலுக்கு உலக மக்கள் அத்தனை பேரையும் கட்சிக்காரர்களாக ஏற்றுக்கொள்வதில் சிரமம் இருக்கவில்லை. பிரசுரத்தை முதலிலிருந்து கடைசிவரை நெட்டுருப் போட்டேன். சொத்துரிமை, பேச்சுரிமை, ஓய்வெடுக்கும் உரிமை எல்லாம் அதில் இருந்தன. ஓய்வெடுக்கும் உரிமையை மட்டும் நான் அப்போதே முழுமையாக அனுபவித்து வந்தேன்.

அதில் ஐந்தாவது பிரிவு எனக்குப் பிடித்தது, சிறியது என்பதால். யாரையும் சித்திரவதை செய்யக் கூடாது, யாரையும் கொடூரமாகவோ இழிவாகவோ நடத்தவும் தண்டிக்கவும் கூடாது என்பது அதன் சாரம். வாசகசாலையில் ஒரு மாலை இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறவர் வராததால் என்னைக் கூப்பிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லப் போனபோதுதான் சங்கடம் புரிந்தது. சித்திரவதை என்ற சொல் எங்கள் ஊரில் ஏற்கெனவே வேறு வேலைகளில் அமர்ந்திருந்தது. பிள்ளை மிட்டாய் கேட்டு அழுதால் தாய், "சித்திரவதை பண்ணாத" என்பாள். டாக்கீஸில் படம் நீளமாக இருந்தால் சித்திரவதை. கோடையில் மின்விசிறி நின்றால் சித்திரவதை. நான் மேடையில் அந்தச் சொல்லை உச்சரித்ததும் முன் வரிசையில் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம், "இதச் சொல்றதுக்கா நம்மளக் கூட்டியாந்தாக? வீட்டுல இருந்தாலே கெடைக்கும்ல" என்றார்.

நிஜமான காரியத்துக்கோ அங்கே இனிமையான பெயர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குள் நடப்பதை யாரும் சித்திரவதை என்று சொன்னதில்லை. 'மரியாதை பண்ணாங்க' என்பார்கள். 'பூசை நடந்துச்சு' என்பார்கள். உள்ளங்காலில் லத்தியால் அடிப்பதற்கு 'லாடம் கட்டுறது' என்று பெயர்; மாட்டைப் படுக்கப்போட்டு லாடம் அடிப்பதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். அதில் வெளியே காயம் தெரியாது, நடையில் மட்டும் தெரியும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான, கண்ணியமான சொல் ஒன்று உண்டு: கவனிப்பு. விருந்தாளியையும் கவனிப்போம், வேலை ஆகவேண்டிய ஆபீஸில் குமாஸ்தாவையும் கவனிப்போம், பிடிபட்டவனையும் கவனிப்பார்கள். எது எந்தக் கவனிப்பு என்பது சொல்கிறவர் முகத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது. இந்தச் சொல்லின் மேல் எனக்கு ஒரு வழக்கே நடந்தது.

வழக்கை என்னிடம் தள்ளியவர் என் சீனியர். "தம்பி, இது தோக்குற கேசு. ஆனா தோக்குறதுக்கும் ஒரு வக்கீல் வேணும்ல" என்று சொல்லி வழக்குக் கட்டைத் தந்தார்.

கட்சிக்காரர் ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்து விவசாயி. கத்தரியும் பீர்க்கும் போடுகிறவர். அங்கே சந்தையில் விலை படுத்துவிட்டால் வண்டி கட்டிக்கொண்டு திண்டுக்கல் மண்டிக்கு வருவார். அப்படி வந்து மண்டியிலேயே படுத்துத் தூங்கிய ஓர் இரவு, மண்டி முதலாளியின் வீட்டு முன்னறையிலிருந்த ரேடியோ காணாமல் போய்விட்டது. அக்கம்பக்கம் படுத்திருந்தவர்களில் வெளியூர்க்காரர் இவர் ஒருவர்தான். விசாரணைக்கு என்று கூட்டிப்போனார்கள். சில நாள் கழித்து வேறோர் ஊர் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். அங்கே இவர், ரேடியோவை நான்தான் எடுத்தேன், பயந்துபோய்க் குடகனாற்றில் எறிந்துவிட்டேன் என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டார்.

அவர் கிராமத்தில் மின்சாரம் கிடையாது. அந்த ரேடியோவை எடுத்துப்போனால் அதன் மேல் சாமி படம்தான் வைக்கலாம். அது கோடைகாலம் என்பதால் குடகனாற்றில் தண்ணீரும் கிடையாது. இந்த இரண்டையும் நான் சீனியரிடம் உற்சாகமாகச் சொன்னபோது அவர், "நல்ல பாயின்ட்டு. ஆனா வாக்குமூலம் இருக்கே" என்றார்.

விஷயம் இதுதான். போலீஸாரிடம் சொன்ன ஒப்புதல் நம் சட்டப்படி செல்லாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அப்படி. எப்படி வாங்குவார்கள் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. ஆனால் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது செல்லும். அதனால் அந்த மாஜிஸ்திரேட் முதலில், "யாராவது உன்னை அடித்தார்களா, மிரட்டினார்களா?" என்று கேட்டு, பதிலையும் எழுதிக்கொள்ள வேண்டும். இவரிடமும் கேட்டிருந்தார். பதில் இங்கிலீஷில் இருந்தது. தமிழாக்கினால்: 'இல்லை. என்னை நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள்.'

ஜாமீனில் வந்த கட்சிக்காரரை வரச் சொன்னேன். ஐம்பதை நெருங்கிய மெலிந்த மனிதர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, பாதத்தின் ஓரத்தால் நடந்து வந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னதும் காலைக் கீழே ஊன்றாமல் சற்றுத் தூக்கியே வைத்துக்கொண்டார்.

"மாஜிஸ்திரேட் கேட்டப்ப அடிச்சாங்கன்னு ஏன் சொல்லல?"

"சொன்னனுங்களே."

"என்ன சொன்னீங்க?"

"நல்லாக் கவனிச்சாங்கன்னு சொன்னனுங்க."

"அதை அவர், நல்லபடியாப் பாத்துக்கிட்டாங்கன்னு எழுதிட்டாரு."

நான் விளையாடுகிறேனா என்று கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "அந்த அய்யா நம்ம பக்கத்து ஆளுன்னாங்க. தமிழு தெரியுமுங்களே."

"எழுதினது இங்கிலீஷ்ல."

"அட பாவமே" என்றார், மாஜிஸ்திரேட்டுக்காக வருத்தப்படுகிறவர்போல.

அவர் அளவில் அவர் புகார் சொல்லிவிட்டார். கேட்கிற பெரிய மனிதருக்கு விஷயம் புரியவேண்டும், சுற்றி நிற்கிற போலீஸாருக்கு மனம் கோணவும் கூடாது, தன் வாயால் அசிங்கத்தைச் சொன்னதாகவும் இருக்கக் கூடாது. இவ்வளவையும் ஒரே சொல்லில் முடித்திருந்தார். நல்ல தமிழ்தான். இங்கிலீஷ் அதற்கு 'கொண்டார்கள்' என்று ஒரு வாலை ஒட்டவைத்ததில் ஸ்டேஷன் மாமியார் வீடாகிவிட்டது.

"அதனால பரவாயில்ல" என்றேன். "விசாரணையில உங்ககிட்ட நேராவே கேப்பாங்க. அப்ப, அடிச்சாங்க, அதனாலதான் ஒத்துக்கிட்டேன்னு தெளிவாச் சொல்லிடுங்க. வாக்குமூலம் விழுந்துடும்."

அவர் தூக்கி வைத்திருந்த தன் காலைப் பார்த்தார். பிறகு மெல்ல, "அந்த வார்த்தை மட்டும் வேண்டாமுங்க" என்றார்.

காரணம் கேட்டேன். மகளைத் தாடிக்கொம்புப் பக்கம் கொடுப்பதாகப் பேசி, பாக்கு வெற்றிலை மாற்றியாகிவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டுக்கு வந்து உட்காருகிறார். அவர் காதில் அது விழக் கூடாது.

"திருட்டுக் கேசுன்னு தெரிஞ்சுதான வர்றாரு?"

"அது வேறீங்க. திருடன்னா, பொய்க் கேசுன்னு சொல்லிக்கலாமுங்க. ஊருல யாரு மேலதான் பொய்க் கேசு இல்லீங்க? அடி வாங்குனதப் பொய்யுன்னு சொல்ல முடியாதுங்களே."

  ஜெயிலுக்குப் போனால் கல்யாணம் நின்றுவிடும் என்று நான் சொன்னேன். சொன்னாலும் நின்றுவிடும் என்று அவர் நம்பினார். ஜெயிலுக்குப் போனால் கெட்ட நேரம் என்று ஆகும். சொன்னால், மகளைக் கட்டுகிற வீட்டில் அவள் அப்பனை என்னவென்று நினைப்பார்கள்? குற்றம் அடித்தவன்மேல் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அவமானம் யார்மேல் என்பதைப் பற்றி எந்தச் சட்டமும் எழுதவில்லை. அதை ஊர் தீர்மானிக்கிறது. ஊர் எப்போதும் அதை அடி வாங்கினவன் தலையில்தான் வைத்திருக்கிறது.

அவர் சொல்லாமலே நிரூபிக்க வழி தேடினேன். டாக்டரிடம் அழைத்துப்போனேன். நாள் கடந்துவிட்டது, தழும்பு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். சம்பந்தி இல்லாத நேரத்தில், கோர்ட்டில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு விசாரிக்கும்படி மனுப் போட்டேன். வழக்கை விசாரித்த திண்டுக்கல் மாஜிஸ்திரேட் அதைப் படித்துவிட்டு, "இது பெண்கள் சம்பந்தப்பட்ட வழக்கு இல்லையே, வக்கீல் சார். ரேடியோதானே?" என்றார். கோர்ட் சிரித்தது. நானும் சிரித்தேன்; இளம் வக்கீல்கள் தங்கள் மனு தள்ளுபடியாகும்போது சிரிப்பது வழக்கம்.

விசாரணை நாளில், கட்சிக்காரரைக் கூட்டிப்போன ஸ்டேஷனின் ஏட்டு சாட்சி சொன்னார். நெற்றி நிறைய விபூதியும் சாந்தமான குரலும் உடையவர். வருஷம் தவறாமல் பழனிக்கு நடந்து போகிறவர். ஒரு மழைநாளில் கோர்ட் வாசலில் நின்ற எனக்குத் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனவரும் அவர்தான். இதையெல்லாம் மறந்துவிட்டுக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும் என்பது தொழிலின் கஷ்டங்களில் ஒன்று.

"விசாரணைக்குக் கூட்டிப்போனவரை எப்படி நடத்தினீங்க?"

"டீ வாங்கிக் குடுத்தோம். சாப்பாடு வாங்கிக் குடுத்தோம்."

"கவனிக்கிறதுன்னா உங்க ஸ்டேஷன்ல என்ன அர்த்தம்?"

"வீட்டுக்கு வந்தவுகளப் பாத்துக்கிறதுதேன். வேற என்ன?" அவர் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள்.

ரேடியோ வறண்ட ஆற்றில் எப்படி மறைந்தது என்று கேட்டேன். "மணல் வாரி மூடியிருக்கும்" என்றார்.

அதன் பிறகு நான் செய்த காரியத்தைச் சீனியர் கடைசிவரை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வேறு வழி தெரியாமல், பையிலிருந்து அந்தப் பிரசுரத்தை எடுத்து ஐந்தாவது பிரிவை உரக்கப் படித்தேன். வழக்குக் கட்டுகளுக்கும் வெற்றிலைச் செல்லத்துக்கும் நடுவே உலகத்தின் மனச்சாட்சி ஒலித்தது. மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார். மதுரைப் பக்கத்துக்காரர், கெட்டிக்காரர், பிறர் நேரத்தை வீணாக்காதவர், ஆகவே தன் நேரம் வீணாவதைச் சகிக்காதவர்.

"இது எந்த கெஜட்டில் வந்தது?"

"கெஜட்டில் வரவில்லை, யுவர் ஆனர். உலக நாடுகள் கூடி எழுதியது. இந்தியாவும் கை தூக்கியிருக்கிறது."

"கை தூக்கினது சரி. கையெழுத்துப் போட்டிருக்கா?"

"இது கையெழுத்துப் போடும் வகை இல்லை. பிரகடனம்."

"அப்போ இது ஆசை. சட்டம் இல்லை." குரலில் கேலி இல்லை, களைப்புத்தான் இருந்தது. "வக்கீல் சார், இதுக்கு உலகத்தைக் கூப்பிட வேண்டியதில்லை. அடிச்சு வாங்கின ஒப்புதல் செல்லாதுன்னு நம்ம சாட்சியச் சட்டத்துலயே இருக்கு. உங்க கட்சிக்காரர் வாயைத் திறந்து, அடிச்சாங்கன்னு சொல்லட்டும். சொல்ல மாட்டேங்கறார். கவனிச்சாங்கங்கறார். எனக்கும் தமிழ் தெரியும். ஆனா ரெக்கார்டுக்குத் தெரியாது. மத்தியானம் அவரையே கேக்கறேன். அப்பவும் இதையே சொன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

கோர்ட் சாப்பாட்டுக்குக் கலைந்தது.

எதிரே வேப்பமரத்தடியில் சம்பந்தி கட்டுச்சோற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு எங்களுக்காக உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பும், மண்டிக்கும் கோர்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாத குரலும் கொண்டவர். தென்னந்தோப்பும் கொஞ்சம் பூந்தோட்டமும் உள்ளவர் என்று கட்சிக்காரர் பெருமையோடு சொல்லியிருந்தார். புளிச்சோறும் வெஞ்சனத்துக்கு வாழைக்காய் வறுவலும் எனக்கும் ஓர் இலையில் வைத்தார்.

"வக்கீலு, செத்த இங்கிட்டு உக்காருங்க. காலையில பூரா கவனிப்பு கவனிப்புன்னே பேசிக்கிட்டிருந்தீகளே, என்னதேன் நடக்குது?"

நான் கட்சிக்காரரைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க, சம்பந்தி. கோர்ட்டுப் பேச்சுங்க. நீங்க சாப்புடுங்க."

சம்பந்தி சாப்பிடவில்லை. கட்சிக்காரர் சம்மணம் போடாமல் காலை ஒருபக்கமாக மடக்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெரிய குரலைக் குறைத்துக்கொண்டு கேட்டார்.

"குதிக்கச் சொன்னாகளா?"

கட்சிக்காரரின் கை இலையில் நின்றுவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கே குதிக்க?" என்று கேட்டேன். இருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

"உங்களுக்கு எப்படிங்க…" என்றார் கட்சிக்காரர்.

"எப்படியா? எனக்கும் நடந்துச்சு. உள்ளங்காலு வீங்கிறக் கூடாதுன்னு அடிச்சு முடிச்சதும் குதிக்க விடுவாக. அடியக்கூடத் தாங்கிரலாம். அந்தக் குதிதேன்." ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "தேங்கா களவாண்டேன்னு புடிச்சாக. எளந்தாரி வயசு."

"பொய்க் கேசுங்களா?"

"பொய்க் கேசா? நாந்தேன் களவாண்டேன். நானும் ரெண்டு கூட்டாளிகளும். அம்புட்டு மரத்துலயும் ஏறிப்புட்டோம்ல."

கட்சிக்காரர் முகத்தில் என்ன பாவம் காட்டுவது என்று தெரியாமல் திண்டாடுவது தெரிந்தது. சம்பந்திக்கும் அது தெரிந்தது. "களவாண்டேன், உள்ள போட்டாக, இருந்துட்டு வந்தேன். அது சரிதேன். அதுல எனக்கு யாரு மேலயும் வருத்தமில்ல. ஆனா குதிக்க வச்சாகல்ல, அது எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. எங்க வீட்டுல இருக்குறவளுக்குத் தெரியாது. எம் மகனுக்குத் தெரியாது. இன்னைக்குத்தேன் வாயத் தொறந்திருக்கேன், அதுவும் ஒரு வக்கீலப் பக்கத்துல வச்சுக்கிட்டு." என்னைப் பார்த்து, "இத எழுதிக்கிட்டு வந்து நிக்கக் கூடாது, ஆமா" என்றார்.

 சம்பந்தி இலையை மடித்தார்.

"களவாணி வீடுன்னு தெரிஞ்சுபோச்சு. பொண்ணு குடுக்க யோசனையா இருந்தா இப்பவே சொல்லிருங்க, சம்மந்தி."

"என்னங்க பேச்சுப் பேசறீங்க" என்றார் கட்சிக்காரர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மிளகாய் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

ஐந்தாவது பிரிவை நெட்டுருப் போட்டிருந்தேனே தவிர, நான் அதைச் சரியாகப் படித்திருக்கவில்லை என்று அந்த மரத்தடியில் தெரிந்தது. 'யாரையும்' என்றுதான் அதில் இருக்கிறது. குற்றமற்றவரை என்று இல்லை. நான் காலையில் வாதாடியதெல்லாம் என் கட்சிக்காரர் ரேடியோவை எடுக்கவில்லை, ஆகவே அவரை அடித்தது அநியாயம் என்ற கணக்கில். எடுத்திருந்தால்? தேங்காய் திருடியவருக்கு அந்தக் கேள்வியில் குழப்பமே இல்லை. ஜெயில் கணக்கில் வருகிறது, குதிக்கவைத்தது எந்தக் கணக்கிலும் வரவில்லை. உலக நாடுகள் எத்தனை நாள் கூட்டம் போட்டு அந்த ஒரு சொல்லைப் பிடித்தனவோ தெரியாது.

மத்தியானம் மாஜிஸ்திரேட் கேட்டார். "போலீஸார் உன்னை எப்படி நடத்தினாங்க? கவனிச்சாங்கன்னு சொல்லாம, நடந்ததைச் சொல்லு."

கட்சிக்காரர் ஒருமுறை திரும்பிப் பின் பெஞ்சைப் பார்த்தார். சம்பந்தி துண்டை மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அடிச்சாருங்க" என்றார்.

"யாரு?"

"ஏட்டய்யாவுங்க."

"மிரட்டினாரா? திட்டினாரா?"

"இல்லீங்க. அவரு மரியாதையாத்தானுங்க பேசுனாரு. 'பெரியவரே, காலை நீட்டுங்க'ன்னாருங்க. நீட்டுனனுங்க. இன்னொருத்தரு பிடிச்சுக்கிட்டாருங்க. இவரு உள்ளங்கால்ல அடிச்சாருங்க. ஒத்துக்குங்கன்னாருங்க. இல்லீங்கன்னனுங்க. மறுபடி அடிச்சாருங்க."

முதலில் பின்னால் சிலர் சிரித்தார்கள். அந்த 'ங்க' அப்படி. அவர்கள் பக்கத்துத் தமிழ் யாரையும் மரியாதை இல்லாமல் பேச விடாது, அடித்தவரைக்கூட. லத்தியை எடுத்ததும் 'ங்க', இறக்கினதும் 'ங்க'. ஆனால் அவர் சொல்லிக்கொண்டே போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்புறம்?"

"குதிக்கச் சொன்னாருங்க. குதிச்சனுங்க. நிறுத்துனா மறுபடியும் சொன்னாருங்க. ரேடியோவ ஆத்துல எறிஞ்சேன்னு சொல்லச் சொன்னாருங்க. அதையுஞ் சொன்னனுங்க."

"இதையெல்லாம் அந்த மாஜிஸ்திரேட்டிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னனுங்க. அந்த அய்யாவுக்கு வெளங்கலீங்க."

மாஜிஸ்திரேட் பழைய வாக்குமூலத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன், பார்க்கக் கூடாதுதான். இங்கிலீஷ் வரிகளுக்கு நடுவே, 'கவனிச்சாங்க' என்று தமிழ் எழுத்தில், மேற்கோள் குறிக்குள் எழுதியிருந்தார். அடைப்புக்குள் இங்கிலீஷ் அர்த்தம் ஒன்றும் போடவில்லை.

தீர்ப்பில் விடுதலை. ஒப்புதல் தானாக முன்வந்து தந்ததாகக் கருத முடியவில்லை, குற்றம் சாட்டப்பட்டவரை உள்ளங்காலில் அடித்து வாங்கியதாகத் தெரிகிறது என்று ஒரு வாக்கியம். அது போக வேறு சாட்சியம் இல்லை என்று இன்னொரு வாக்கியம். என் பிரகடனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரேடியோ கடைசிவரை கிடைக்கவில்லை.

அன்றே கோர்ட் வாசலில் ஏட்டு என்னிடம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். "ஸார், ரேடியோ களவு போனா கண்டுபிடிச்சுக் குடுன்னு மேல இருக்குறவுக என்னையக் கவனிப்பாக. அத யாரு எழுதுறது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் போனார். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பியிருந்தார்.

நான் அப்போது வெற்றி மயக்கத்தில் இருந்தேன். ஒப்புதல் வாங்குவதற்காக ஒருவரைக் காயப்படுத்துவது தண்டனைச் சட்டப்படி தனிக் குற்றம். அதன்கீழ் ஏட்டு மேல் தனிப் புகார் கொடுக்கத் தயாரானேன். தீர்ப்பிலேயே அடித்ததாக எழுதியிருக்கிறது. இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும்? புகாரை நானே எழுதினேன். முதல் பத்தியில் உலக நாடுகளை மறுபடியும் உட்காரவைத்தேன். தீர்ப்பின் நகலை வாங்க வந்த கட்சிக்காரரிடம் அதைப் படித்துக் காட்டினேன். சம்பந்தியும் கூட வந்திருந்தார்.

"போடுங்க வக்கீலு" என்றார் சம்பந்தி. "நல்லாப் போடுங்க. நானும் வந்து சாட்சி சொல்லுறேன்."

"நீங்க எதுக்குச் சாட்சி? நீங்க அங்க இல்லையே" என்றேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம், போடுங்க."

கட்சிக்காரர் கேட்டார்: "இதுக்கு நான் மறுபடியும் வந்து சொல்லோணுமுங்களா?"

"ஆமா. நீங்கதானே முதல் சாட்சி. அவர் பக்கத்து வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். மேல்கோர்ட்டுக்குப் போனாலும்…"

"எத்தனை பேரு முன்னாடிங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவர் கையைக் கூப்பினார். "ஒருக்காச் சொல்லீட்டனுங்க. போதுமுங்க. நீங்க எனக்காக இம்புட்டுப் பண்ணுனீங்க, தப்பா நெனைக்காதீங்க."

சம்பந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கட்சிக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, மரத்தடியில் சொல்லும்வரை இத்தனை வருஷம் தான் மூடி வைத்திருந்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, விட்டுவிட்டார்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. நான் வக்கீல் போர்டைக் கழற்றிவிட்டுப் பத்திரிகைகளுக்குத் தமாஷ் எழுதிப் பிழைக்கிறேன். சட்டத்துக்கு அது ஒரு லாபம். நாடுகள் மறுபடியும் கூடி, பிரகடனத்தைவிடக் கெட்டியாக ஓர் உடன்படிக்கை எழுதியிருப்பதாகச் சமீபத்தில் படித்தேன். இதில் கையெழுத்துப் போடும் வசதியும் உண்டாம். சித்திரவதை கூடாது என்பது அதிலும் இருக்கிறது, 'யாரையும்' என்பதும் இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் எழுதுகிறவர்கள் ஒன்றையும் சேர்த்து யோசிக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அந்தப் பாதுகாப்பைப் பெறுவதற்கு ஒரு மனிதர் நாலு பேர் முன்னால் நின்று தனக்கு நடந்ததைச் சொல்லவேண்டியிருக்கிறது. அவர் வக்கீல் என்று பக்கத்தில் நிற்பவன் அவருக்காக எதை வேண்டுமானாலும் பேசலாம், அந்த ஒன்றைத் தவிர.

நகல் வாங்க வந்த அன்றைக்குக் கட்சிக்காரர் உடனே கிளம்பவில்லை. தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, சம்பந்தி முன்னால் நடந்து போகும்வரை நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்.

"இதுல அடிச்சதுன்னு எழுதியிருக்குதுங்களா?"

"எழுதியிருக்கு. அதனாலதான் விடுதலை."

"எந்த எடத்துலீங்க?"

காட்டினேன். எழுத்துப் புரியாது என்றாலும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுதலைன்னு இருக்கறத வச்சுக்கிட்டு, இத மட்டும் அடிச்சிர முடியாதுங்களா?"

"முடியாதுங்க. கோர்ட் எழுதினதை யாரும் அழிக்க முடியாது. அங்கயும் ஒரு பிரதி இருக்கும். எப்பவும் இருக்கும்."

அவர் தலையசைத்தார். காகிதத்தை நாலாக மடித்தார். சட்டைப் பையில் வைக்கப் போனவர் வைக்காமல் யோசித்தார்.

"சரிங்க, இருக்கட்டுமுங்க" என்றார். "நடந்ததுதானுங்களே."